தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் வார்ப்பதில் வேண்டிய சீர்திருத்தம்

வயலுக்கு நீர் பாய்ச்சுவதில் குடியானவர் காட்டும் நிதானம், தொட்டியிலும் பையிலும் வளரும் செடிக்கு நீர் வார்ப்பதில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. நெல்லுக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்ட வேண்டும், நிலக்கடலைக்கு எப்போது காய்ச்சல் கொடுக்க வேண்டும், மரவள்ளிக்கு எத்தனை நாளுக்கொரு முறை மடை திறக்க வேண்டும் என்பவற்றை அவர் மண்ணைக் கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அவருடைய வீட்டு முற்றத்திலோ தோட்டத்து நாற்றுப் பந்தலிலோ உள்ள செடிகளின் நிலைமை வேறு. அங்கே காலையில் எவர் கை ஓய்ந்திருக்கிறதோ அவர் ஒரு செம்பையோ குழாயையோ எடுத்துக்கொண்டு, கற்றாழைக்கும் மல்லிகைக்கும், நேற்று நட்ட குச்சிக்கும் நான்கு வருஷத்துத் தொட்டி மரத்துக்கும் ஒரே அளவாக வார்த்துச் செல்கிறார். கார்த்திகை மாதத்து மூடுபனியிலும் அதே செம்பு. சித்திரை வெயிலிலும் அதே செம்பு. செடி செத்தால், "கை ராசியில்லை" என்று சொல்லப்படுகிறது. உண்மையில் குறைவு கை ராசியிலன்று, முறையிலேயே இருக்கிறது.

இஃது அழகுக்காகச் செடி வைப்போரின் சிறு விஷயம் என்று நிலமுடையோர் ஒதுக்கிவிடலாகாது. இக்காலத்தில் பூந்தோட்டத்தின் ஆயுள் பையிலேயே தொடங்குகிறது. சேலம் நகருக்குத் தெற்கே உள்ள பனமரத்துப்பட்டி வட்டாரத்தை எடுத்துக்கொள்க. அரளி அங்கே பெயர்பெற்ற பயிர், குண்டுமல்லியும் உண்டு. அங்கிருந்து பூ தினந்தோறும் சேலம் பூச்சந்தைக்குச் செல்கிறது. அரளியும் மல்லிகையும் விதையினால் பெருக்கப்படுவன அல்ல. குச்சி வெட்டி வேர்விடச் செய்தோ, பதியன் போட்டோதான் புதிய தோட்டம் உண்டாக்க வேண்டும். அந்தக் குச்சிகள் வேர்பிடித்து நிலத்துக்குப் போகும்வரை சில மாதங்கள் சிறு பாலிதீன் பைகளிலேயே வாழ்கின்றன. நூறு பையில் முப்பது அழுகினால், அந்த நஷ்டம் அழகு பார்ப்பவருடையதன்று. அடுத்த பல வருஷங்களுக்குப் பூப் பறிக்கவேண்டிய குடும்பத்தினுடையது.

தண்ணீரின் நிலைமையும் அங்கே கவனிக்கத் தக்கது. பனமரத்துப்பட்டி ஏரி 1911ஆம் ஆண்டில் சேலம் நகரத்தாரின் குடிநீருக்காக அமைக்கப்பட்டது. ஜருகுமலை முதலிய சுற்றுக் குன்றுகளின் மழைநீர் அதற்கு வரத்து. பிற்காலத்தில் காவிரித் தண்ணீர் நகருக்கு வந்து சேர்ந்தது. ஏரிக்கு வரத்துக் குறைந்து, நீர் நின்ற பரப்பில் சீமைக் கருவேல் அடர்ந்தது. ஒரு நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிணற்றையும் ஆழ்குழாயையும் மழையையும் எதிர்பார்த்து நிற்கும் ஊரில், செடிக்கு உதவாமல் வேரை அழுகச்செய்யும் தண்ணீர் இரண்டு மடங்கு சேதமாகும். தண்ணீரும் போகிறது, செடியும் போகிறது.

செடி சாவதற்குக் காரணம்

தொட்டிச் செடிகள் தாகத்தினாலேயே சாகின்றன என்பது பொதுவான எண்ணம். தாகத்தினால் சாவன உண்டுதான். ஆயினும் அன்போடு வளர்க்கப்படும் செடிகள் பெரும்பாலும் மூச்சு முட்டியே சாகின்றன. வேருக்குத் தண்ணீர் வேண்டுவதுபோலவே காற்றும் வேண்டும். நல்ல மண்ணில் மணலுக்கும் பொடிக்கும் நடுவேயுள்ள இடுக்குகளில் பாதி நீரும் பாதி காற்றுமாக இருக்கும். இடுக்குகள் யாவும் ஓயாமல் நீரால் நிரம்பியிருந்தால் காற்று வெளியேறிவிடும். வேர் சுவாசிக்க வழியின்றி நலிந்து, பூஞ்சணத்துக்கு இரையாகி அழுகும்.

வேர் அழுகினால் தண்ணீரை மேலே ஏற்றுவதற்கு ஆள் இல்லை. ஆகையால் சேற்றில் நிற்கும் செடியும் வாடுகிறது. வாடியதைக் கண்டவர் தாகம் என்றெண்ணி இன்னும் ஒரு செம்பு வார்க்கிறார். நோயே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி தொட்டிச் செடிக்குப் பொருந்துவதுபோல் வேறொன்றுக்கும் பொருந்தாது.

இவ்விரு வாட்டங்களையும் பிரித்தறிவது கடினமன்று. தாகத்தால் வாடிய செடியின் தொட்டி இலேசாக இருக்கும். மண் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். இலை நுனியிலிருந்து சருகாகும். மிகை நீரால் வாடிய செடியின் தொட்டி கனக்கும். அடியிலைகள் முதலில் மஞ்சளித்து உதிரும். மண்ணைக் கிளறினால் புளித்த வாடை வீசும். நடுப்பகலில் மட்டும் துவண்டு, வெயில் தாழ்ந்ததும் நிமிரும் செடிக்கு இவ்விரண்டு குறையும் இல்லை. இலை விடும் நீரின் வேகத்துக்கு வேரால் சற்று நேரம் ஈடுகொடுக்க முடியவில்லை; அவ்வளவே. அதைக் கண்டு பதறி நீர் வார்க்க வேண்டுவதில்லை.

நாள் கணக்கு ஏன் உதவாது

ஒரே செடி, ஒரே தொட்டி, எனினும் நாளுக்கு நாள் அதன் தேவை வேறுபடும் என்பதை முன்னூறு வருஷங்களுக்கு முன்பே ஒருவர் தராசு வைத்து நிரூபித்தார். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர், 1724ஆம் ஆண்டு கோடையில், தொட்டியில் வளர்ந்த சுமார் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியை எடுத்துக்கொண்டார். மண்ணிலிருந்து நேராக ஆவி போகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, பதினைந்து நாட்கள் காலையிலும் மாலையிலும் தொட்டியை நிறுத்து வந்தார். எடை குறைந்த அளவே செடி வெளிவிட்ட நீரின் அளவு. சராசரியாக ஒரு பகலுக்கு 20 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 570 கிராம் நீர் சென்றது. மிக்க வெப்பமும் வறட்சியுமான பகலில் 30 அவுன்சு, அதாவது ஏறக்குறைய 850 கிராம் சென்றது. பனியில்லாத வெப்பமான இரவில் சுமார் 3 அவுன்சே சென்றது. இந்த ஆராய்ச்சி 1727ஆம் ஆண்டில் அச்சேறியது.

இக்கணக்கிலிருந்து குடியானவர் அறிய வேண்டுவது ஒன்றே. குளிர்ந்த இங்கிலாந்திலேயே ஒரே செடியின் தேவை இரண்டு வாரத்துக்குள் இவ்வளவு ஏறி இறங்குமாயின், பங்குனி, சித்திரையின் காய்ச்சலும் ஐப்பசி, கார்த்திகையின் ஈரமும் மாறி வரும் சேலம் சீமையில் "தினம் ஒரு செம்பு" என்னும் விதி எப்படிச் செல்லும்? ஏற்காட்டு மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்துச் சமவெளி 300 மீட்டருக்கும் உட்பட்டது. மலையில் வாங்கிவந்த செடிக்கு அங்கே கேட்டறிந்த நாள் கணக்கைச் சமவெளியில் கைக்கொண்டால் செடி காயும். சமவெளிக் கணக்கை மலைக்குக் கொண்டுபோனால் அழுகும். நாட்காட்டியும் கடிகாரமும், செடியைப் பார்ப்பதற்கு நேரத்தை நினைவூட்டலாம். நீர் வார்ப்பதா வேண்டாவா என்பதை அவை சொல்லமாட்டா.

மண்ணைக் கேட்கும் மூன்று வழிகள்

முதலாவது விரல். ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்து தோன்றும் மண் கீழே சில்லென்று இருப்பதைப் பலமுறை காணலாம். விரலில் ஈரமண் ஒட்டினால் பெரும்பாலான செடிகளுக்கு அன்று தண்ணீர் தேவையில்லை.

இரண்டாவது எடை. நன்றாக நீர் வார்த்து வடிந்தபின் தொட்டியையோ பையையோ ஒருமுறை தூக்கிப் பார்த்து அதன் கனத்தை மனத்திற் கொள்ள வேண்டும். செடி வாடத் தொடங்கும் தறுவாயில் மறுமுறை தூக்க வேண்டும். இவ்விரண்டு கனத்தையும் கை அறிந்துகொண்டால், பிறகு விரல் வைக்கவும் வேண்டுவதில்லை. தேங்காயைக் கையில் எடுத்தவுடன் அதில் நீர் எவ்வளவு உண்டென்று சொல்லும் கைக்கு இது பெரிய வித்தையன்று.

மூன்றாவது ஓசை. சுட்ட மண்தொட்டியை விரல் மடக்கால் தட்டினால், உள்ளே மண் காய்ந்திருக்குமாயின் கணீரென்று ஒலிக்கும். ஈரமாயிருந்தால் மந்தமாக ஒலிக்கும். பானை வாங்குமுன் தட்டிப் பார்க்கும் வழக்கமே இங்கும் உதவுகிறது. சிமெண்டுத் தொட்டிக்கும் பைக்கும் இவ்வழி செல்லாது.

வார்க்க வேண்டும் என்று தெளிந்தபின் அரைகுறையாக வார்க்கலாகாது. தினமும் மேலே தெளித்துச் செல்வதனால் ஓரங்குல மண் மட்டும் நனைந்து, வேர் மேலேயே படர்ந்து, அடி வறண்டு நிற்கும். தொட்டியின் அடித்துளை வழியாக நீர் கசியும்வரை மெதுவாக வார்த்து, பின்பு மண் மறுபடியும் கேட்கும்வரை கையை மடக்கிக்கொள்வதே சரியான முறை. மண் முற்றிலும் காய்ந்து சுருங்கிவிட்டால், மேலே வார்த்த நீர் ஓர இடுக்கின் வழியே ஓடி உடனே கீழே வந்துவிடும். வார்ப்பவர், செடி குடித்துவிட்டதென்று ஏமாறுவார். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு பெரிய பாத்திரத்து நீரில் விளிம்பு மட்டும் வெளியே நிற்கும்படி அமிழ்த்தி, குமிழி எழுவது நின்றபின் எடுத்து வடியவிட வேண்டும்.

செடிகளின் இனப்பாகுபாடு

செடிகளை நீர்த்தேவையைக் கொண்டு ஐந்து கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே இடத்தில் வைத்தால், வார்ப்பவருடைய வேலையும் தவறும் பாதியாகும்.

கற்றாழை, கள்ளி வகைகள், அடீனியம் ஆகியவை தண்ணீரைத் தம் உடலிலேயே சேமிப்பவை. கற்றாழையும் கள்ளியும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவிலேயே திறப்பதால் அவற்றிலிருந்து நீர் மிகக் குறைவாகவே போகிறது. தொட்டியின் அடிவரை மண் உலர்ந்த பிறகே இவற்றுக்கு வார்க்க வேண்டும். அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுதல் நன்று.

அரளி, மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலை ஆகியவை இரண்டாங் கூட்டம். மேல்மண் ஓரங்குலத்துக்கு மேல் காய்ந்தபின் நிறைய வார்ப்பது இவற்றுக்கு ஏற்றது. இவற்றுள்ளும் வேறுபாடுண்டு. செம்பருத்தி கோடையில் மிகுதியாகக் குடிக்கும். கறிவேப்பிலைக் கன்று ஈரம் தேங்கினால் பொறுக்காது. நிலத்தில் வறட்சியைத் தாங்கும் அரளி, தொட்டியில் அவ்வாறு தாங்காது என்பதையும் மறக்கலாகாது. நிலத்தில் அதன் வேர் நீரைத் தேடி எட்டிப் போகும். தொட்டியில் போக இடமில்லை. குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்துச் செய்யுமுன் நிலத்தில் தண்ணீரை நிறுத்திக் காயவிடுவது தோட்டக்காரர் அறிந்த வழக்கம். தொட்டி மல்லிகைக்கும் அந்த ஓய்வு வேண்டும். காகிதப்பூச் செடி சற்றே காய்ச்சல் கண்ட பிறகே கொத்தாகப் பூக்கும். ஓயாமல் நீர் பெற்றால் இலையும் முள்ளுமாக வளர்ந்து பூவை மறந்துவிடும்.

பெரணி, வெற்றிலை, சேம்பு இனங்கள், கல்வாழை ஆகியவை ஈரம் அறாமல் வேண்டுபவை. ஆனாலும் ஈரம் வேறு, தேக்கம் வேறு. பிழிந்த துணியைப் போல மண் நனைந்திருக்க வேண்டுமேயன்றிச் சேறாகலாகாது. தாமரையும் அல்லியும் நான்காங் கூட்டம். இவை மட்டுமே தேங்கிய நீரில் நிற்கத் தகுந்தவை.

ஐந்தாவது கூட்டம் மரத்தைப் பற்றி வாழும் ஆர்க்கிட் வகைகள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தாரின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருப்பதால் இவ்வினம் சேலத்தார்க்குப் புதிதன்று. இவற்றின் வேர் மண்ணைக் கேட்பதில்லை; கரித்துண்டும் ஓடும் மரப்பட்டையுமே போதும். வேர் உலர்ந்தபோது வெண்சாம்பல் நிறமாகவும் நனைந்தபோது பசுமையாகவும் காணப்படும். தண்ணீர் வேண்டுமா என்பதை அதன் வேரே நிறத்தினால் சொல்லிவிடுகிறது. தோட்டமண்ணில் புதைத்துச் செம்பால் வார்த்தால் வேர் அழுகும்.

குச்சிகளுக்கும் நாற்றுகளுக்கும் தனி முறை

பூந்தோட்டம் வைப்போர் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பகுதி இது. புதிதாக வெட்டி நட்ட குச்சிக்கு வேர் கிடையாது. வேரில்லாத குச்சிக்கு அடியில் எவ்வளவு நீர் தேக்கினாலும் அது குடிக்கமாட்டாது. அதற்கு வேண்டுவது நிழலும், இலையைச் சுற்றி ஈரக் காற்றும், நீர் வடியும் ஊடகமுமே. ஆகையால் பூவாளியின் நுண்ணிய துளை வழியாகவோ தெளிப்பான் கொண்டோ இலேசாக அடிக்கடி தெளிக்க வேண்டும். பை சேறாகும்படி வார்க்கலாகாது. துளிர் விட்டதைக் கண்டு வேர் விட்டதென்று நம்பிவிடக் கூடாது. குச்சி தன்னிடமுள்ள சத்தைக் கொண்டே முதல் துளிரை விடும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பதே உறுதியான அடையாளம்.

வேர் விட்டபின் முறை மாறவேண்டும். தெளிப்பை நிறுத்தி, பைமண் நனையும்படி வார்த்து, மேலே உலர்ந்தபின் மறுபடி வார்க்க வேண்டும். நிலத்தில் நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நிழலையும் நீரையும் சிறிது சிறிதாகக் குறைத்துச் செடியைக் கடினப்படுத்த வேண்டும். இம்மூன்று பருவத்தையும் ஒரே குழாய் நீரால் ஓட்டுவதனாலேயே பந்தலில் அழுகலும், நட்ட வயலில் பட்டுப்போதலும் உண்டாகின்றன. விதை நாற்றுகளில் தண்டின் அடி சூம்பிச் சாயும் நாற்றழுகல் நோயும் ஈரம் உலராத படுக்கையையே நாடி வரும்.

தண்ணீர்ச் செட்டும் இதில் அடங்கியிருக்கிறது. ஆயிரம் பைகளுக்குப் பை ஒன்றுக்கு 200 மில்லிலிட்டர் வீதம் தினம் வார்த்தால் நாளொன்றுக்கு 200 லிட்டர். 90 நாட்களில் 18,000 லிட்டர். மண்ணைப் பார்த்து, சராசரியாக இரண்டு நாளுக்கொரு முறை போதுமென்று கண்டால் 9,000 லிட்டர். மிஞ்சிய 9,000 லிட்டரும் கிணற்றிலேயே இருக்கும்.

தொட்டியும் மண்ணும்

முறை சரியாயினும் தொட்டி தவறாயின் பயனில்லை. அடியில் துளையில்லாத தொட்டியில் செடி வைப்பது, வடிகாலில்லாத பள்ளத்தில் மிளகாய் நடுவது போலாம். துளை உண்டெனினும், அடியில் இரண்டு மூன்று அங்குலம் சல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது தவறு. துவைத்துக் கொடியில் போட்ட வேட்டியின் கீழ்க்கரை கடைசிவரை ஈரமாக இருப்பதை யாவரும் பார்த்திருப்பர். அவ்வாறே நுண்ணிய மண்ணின் அடிப்பாகத்தில் ஒரு படை நீர் எப்போதும் தங்கும். அதன் கீழே சல்லியை வைத்தால், அந்த ஈரப்படை சல்லிக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலே நின்று வேரை இன்னும் நெருங்கும். மண் சரியாதபடி துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டை வளைவு மேலாக வைத்தால் போதும். வடிகாலைச் சல்லியில் தேடாமல் மண்கலவையில் தேட வேண்டும். இறுகும் செம்மண்ணோடு மணலும் மக்கிய எருவும் தென்னை நார்த்தூளும் கலந்து பொலபொலப்பாக்குவதே வழி.

சிறு செடியைப் பெருந்தொட்டியில் வைப்பதும் ஒரு பிழை. வேர் எட்டாத மண் நாட்கணக்கில் உலராமல் புளித்துப்போகும். செடி வளர வளரத் தொட்டியை ஒவ்வொரு படியாகப் பெரிதாக்க வேண்டும். சுட்ட மண்தொட்டி தன் சுவர் வழியாகவும் நீரை ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டியும் பையும் அவ்வாறு செய்யா. ஆகையால் மண்தொட்டியிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியவர் பழைய அளவிலேயே வார்த்தால் செடியை இழப்பார்.

தண்ணீரின் குணமும் நேரமும்

சேலம் சீமையின் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையாகப் பூத்துக் காண்பது அந்த உப்பே. சிறிது சிறிதாக வார்க்கும் வீடுகளில் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கி, இலை நுனி கருகும். அடித்துளையில் நீர் கசியும்வரை வார்ப்பதனால் உப்பும் கரைந்து வெளியேறும். மழைக்காலத்தில் கூரைநீரைப் பிடித்து வைத்து இடையிடையே வார்த்தல் மிக்க நன்மை தரும்.

நேரத்தில் காலையே உத்தமம். இலை ஈரத்தோடு இரவைக் கழித்தால் பூஞ்சண நோய்க்கு இடமாகும். மாலையில் வார்க்க நேர்ந்தால் மண்ணில் மட்டும் வார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீர் கைபொறுக்காத சூடாயிருக்கும். அதை வெளியே விட்டபின்பே செடிக்குப் பிடிக்க வேண்டும். தூறல் விழுந்ததென்று நம்பி இருந்துவிடுவதும் கூடாது. இலையடர்ந்த செடியின் மேல் விழுந்த தூறல் தொட்டிக்கு வெளியே வழிந்து, மண் உலர்ந்தே இருப்பதுண்டு.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

"பத்து ஏக்கர் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு தொட்டியிலும் விரல் விட நேரம் ஏது?" என்று கேட்கப்படலாம். ஒவ்வொன்றிலும் விரல் விட வேண்டுவதில்லை. இனவாரியாகவும் பருவவாரியாகவும் பிரித்து அடுக்கினால், ஒரு வரிசைக்கு நான்கைந்து பைகளைத் தூக்கிப் பார்ப்பது போதும். ஓரத்து வரிசை முன்னதாகவே காயும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இதற்குப் பிடிக்கும் நேரம், தேவையில்லாத நாளில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தைவிடக் குறைவு.

"பாட்டன் காலத்திலிருந்து துளசிக்குத் தினம் ஒரு செம்பு வார்த்தே வருகிறோம், அது தழைக்கவில்லையா?" என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. பழைய துளசி மாடங்கள் பலவற்றில் மண் மிகுதி. அடி நிலத்தோடு தொடர்புடையது. நாள் முழுவதும் முற்றத்து வெயில் விழும். மிகுந்த நீர் தானே கீழே இறங்கிவிடும். அதே செம்பை மாடிவீட்டுத் தாழ்வாரத்துப் பிளாஸ்டிக் தொட்டிக்கு வார்ப்பது முன்னோர் வழக்கமாகாது. அவர்கள் செய்ததன் வெளிக்கோலத்தை மட்டும் எடுத்துக்கொண்டதாகவே முடியும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

ஊர்தோறும் மரக்கன்றுகள் வழங்கப்படுகின்றன. பள்ளி, கோயில், சாவடி, அலுவலக முகப்புகளில் தொட்டிகளும் வைக்கப்படுகின்றன. வழங்கிய கன்றின் எண்ணிக்கை கணக்கில் ஏறுகிறது. மறு வருஷம் உயிரோடிருக்கும் கன்றின் எண்ணிக்கையும் அதே கணக்கில் ஏறினால்தான் வேலை முடிந்ததாகும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. கன்று கொடுக்கும்போதே அதன் நீர்த்தேவையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிக் கொடுத்தல், பொதுவிடத்துத் தொட்டிகளுக்கு எவரேனும் ஒருவரைப் பொறுப்பாக்குதல், இவ்விரண்டும் போதும். எல்லாரும் வார்க்கும் தொட்டியில் செடி அழுகும். எவரும் வார்க்காத தொட்டியில் காயும். ஒருவர் பார்க்கும் தொட்டியில்தான் பிழைக்கும்.

சுகாதாரமும் இதிற் கலந்துள்ளது. தொட்டியின் கீழே வைக்கும் தட்டில் நின்ற தெளிந்த நீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிட ஏற்ற இடம். வெப்பகாலத்தில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாளே போதும். வார்த்த அரைமணி நேரத்துக்குப்பின் தட்டைக் கவிழ்த்துவிட்டால் வேரும் பிழைக்கும், வீட்டாரும் பிழைப்பர். தாமரைத் தொட்டிகளில் புழுவைத் தின்னும் சிறு மீன்களை விட்டுவைக்கலாம்.

நிலத்தில் நட்ட கன்றுகளுக்கு மண்பானைப் பாசனம் ஏற்றது. பூச்சிடாத சுட்ட மண்பானையைக் கன்றின் அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவைப்பதே அம்முறை. சுற்று மண் உலரும்போது பானைச் சுவர் வழியாக நீர் கசியும். மண் நனைந்ததும் கசிவு குறையும். சீன தேசத்தில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் பான் ஷெங்ச்சி என்பவர் எழுதிய உழவு நூலிலேயே, கொடிகளுக்கு நடுவே மண்குடம் புதைக்கும் இம்முறை கூறப்பட்டுள்ளது. வறண்ட ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் நடும் கன்றுகளுக்கு, லாரித் தண்ணீரை வாரமொருமுறை மண்மேல் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேலானது.

அந்தப் பானை செய்வதையே தொட்டிக்கு வார்ப்பவர் கையும் செய்யவேண்டும். மண் கேட்கும்போது கொடுத்து, கேட்காதபோது நிறுத்துவதே முறை. வயலின் மண்ணை நாள்தோறும் மிதித்து அதன் குறிப்பை அறிந்த குடியானவர்க்கு ஒரு சாண் தொட்டியின் மண் சொல்வது விளங்காமற்போகாது. செம்பைக் கையில் எடுக்குமுன் விரலை மண்ணில் வைக்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாற்றுப் பந்தலிலும் ஏற்படுமாயின், பையோடு அழுகும் குச்சிகள் பல அடுத்த ஆண்டு அரளியாகவும் மல்லிகையாகவும் சந்தைக்கு வரும் என்பதில் ஐயமில்லை.